கடைசிப் பத்து நிமிடம்

அரங்கில் எல்லோரும் அவரை டார்ச் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட எட்டு வயது மூத்த டிக்கெட் கவுண்டர்க்காரருக்கும் அவர் அக்காதான். அறுநூற்று நாற்பது இருக்கைகள் கொண்ட அந்த நாடக அரங்கின் கீழ்த்தளக் கதவில் இருபத்தாறு வருடமாக நிற்கிறார். தாமதமாக வருபவர்களுக்கு முன்னால் டார்ச் விளக்கைத் தரையில் அடித்தபடி நடந்து இடம் காட்டுவார். மேடையில் இருப்பவர்களின் கண்ணைக் குத்தக் கூடாது என்று விளக்கின் கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கும். எந்த இருக்கை கிறீச்சிடும், எந்தத் தூணுக்குப் பின்னால் பாதி மேடைதான் தெரியும், எந்தக் காட்சியில் கூட்டம் நெளிய ஆரம்பிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

கோபம் அவருக்கு மூக்கு நுனியில் இருக்கும். முன் இருக்கையின் மேல் காலை நீட்டியவரிடம் ஒருமுறை, "காலுக்குத் தனியா டிக்கெட் எடுத்தீங்களா? எடுத்திருந்தா காட்டுங்க, கிழிச்சுத் தரேன்" என்றார். புகார் போனது. மேலாளர் கூப்பிட்டு விசாரித்தார். "ரெண்டு காலுக்கும் சேர்த்துக் கேட்டிருக்கணும், தப்புதான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

இந்த வருடம் பெரிய நாடக விருதுக்கான நடுவர் குழுவில் 'பார்வையாளர் பிரதிநிதி' என்று ஐந்தாவதாக ஒரு நாற்காலி போட்டார்கள். அரங்க ஊழியர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கினார்கள். அக்காவின் சீட்டு வந்தது. மேலாளர் சிரித்துக்கொண்டே, "சும்மா போய் உட்கார்ந்துட்டு வாங்கக்கா. டீ, பிஸ்கட் எல்லாம் தருவாங்க" என்றார். அக்கா நான்கு பக்க விதிமுறைப் புத்தகத்தை வாங்கிப் பேருந்தில் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை படித்தார்.

கடைசிச் சுற்றுக்கு இரண்டு வந்திருந்தன. ஒன்று 'ஆயிரம் ஜன்னல்கள்' என்ற இசை நாடகம். அறுபது நடனக்காரர்கள், சுழலும் மேடை, மேடைக்கு முன்னால் உள்ள குழி நிறைய வாத்தியங்கள். அக்காவின் அரங்கில்தான் வெள்ளி முதல் ஞாயிறு வரை நிரம்பி வழிந்தது. இன்னொன்று 'ஆறாவது மாடி'. ஐந்தே நடிகர்கள், ஒரு படிக்கட்டு. லிப்ட் பழுதான மருத்துவமனையில் இரண்டு ஊழியர்கள் நோயாளிகளை ஸ்ட்ரெச்சரில் வைத்து ஆறு மாடி தூக்கிக்கொண்டு ஏறும் கதை. கூட்டம் வராத செவ்வாய், புதன் மாலைகளை அதற்குக் கொடுத்திருந்தார்கள்.

வெல்லும் நாடகத்துக்கு அதே அரங்கில் வாடகையில்லாமல் அறுபது காட்சிகள். இசை நாடகத்துக்கு அது தேவையே இல்லை. 'ஆறாவது மாடி'க்கோ அடுத்த புதனோடு கதை முடிந்தது. விருது கிடைக்காவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். மூத்த ஊழியராக நடித்தவர் ஒரு டயர் கடையில் வேலைக்குப் பேசி வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, அரங்கின் மாடியில் நடுவர் குழுவின் முதல் கூட்டம். ஏசி ஒழுகி வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. தலைவர், முப்பது வருடமாக நாடக விமர்சனம் எழுதுபவர். அவருக்கு வலப்பக்கம் ஓர் இசையமைப்பாளர். இடப்பக்கம் நாடகம் கற்பிக்கும் பேராசிரியை. எதிரே, பழைய நடிகர் ஒருவர். எந்த நாடகத்திலும் இருபதாவது நிமிடத்தில் தூங்கிவிடுவார் என்று அவருக்குப் பெயர். அதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

"நம்ம டார்ச் அம்மாவும் வந்திருக்காங்க. வெளிச்சத்துக்குக் குறைச்சல் இருக்காது" என்று தலைவர் ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

இசையமைப்பாளர், "ஜன்னல்கள்தான், வேற பேச்சே இல்ல. அந்தப் படிக்கட்டு நாடகம் சாதாரண ஜனங்களுக்குப் புரியாது" என்றார்.

"எந்தச் சாதாரண ஜனத்துக்கு சார்?" என்றார் அக்கா.

"பொதுவாச் சொன்னேம்மா."

"பொதுவா யாரும் டிக்கெட் வாங்குறதில்லையே. ஒவ்வொருத்தராத்தான் வர்றாங்க. நான்தான் கிழிக்கிறேன்."

தலைவர் தொண்டையைச் செருமினார். "இருங்க. முதல் பாதி நல்லாத்தான் இருந்துச்சு. இரண்டாம் பாதியில் நாடகம் தொய்ஞ்சு போயிருது. திரும்பத் திரும்ப ஏறுறாங்க, இறங்குறாங்க. வளர்ச்சியே இல்ல." குறிப்பைப் பார்க்கத் தன் நோட்டைத் திறந்தார். பக்க அடையாளத்துக்காக உள்ளே வைத்திருந்த மஞ்சள் அட்டை மேசையில் விழுந்தது.

அக்கா அந்த அட்டையை நான்கரை மாதமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் வெளியே போகிறவர்களுக்குக் கதவில் ஆளுக்கொரு மஞ்சள் அட்டை கொடுப்பார். திரும்பி வரும்போது வாங்கிப் பலகையில் மாட்டுவார். முன்வரிசை விருந்தினர் அட்டைகளில் இருக்கை எண் இருக்கும். 'ஆறாவது மாடி'யின் இரண்டாவது காட்சியன்று நான்காம் எண் அட்டை திரும்பவில்லை. அந்தக் கொக்கியில், பிஸ்கட் பெட்டியை வெட்டித் தானே எழுதிய அட்டை ஒன்றை மாட்டி வைத்திருந்தார்.

இப்போது மேசையில் கிடந்ததில் நான்கு என்று அச்சாகியிருந்தது.

"சார், இது என் அட்டை."

"அப்படியா? எப்படியோ என்கிட்ட வந்திருச்சு."

"எப்படியோ இல்ல சார். இடைவேளைக்கு வெளியே போனீங்க. திரும்பி உள்ளே வந்திருந்தா இது என் பலகையில இருக்கும்." அக்காவின் குரல் உயர்ந்தது. "பாக்காத பாதி எப்படித் தொய்ஞ்சுது? தெருவுல நின்னு பாத்தீங்களா?"

அக்கா விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டி மூன்றாம் பக்கத்தை நீட்டினார். முழுமையாகப் பார்க்காத நாடகத்தைப் பற்றி எந்த நடுவரும் வாக்களிக்கக் கூடாது.

தலைவரின் முகம் சிவந்தது. ஆனால் முப்பது வருடம் எழுதிப் பிழைத்தவர், சும்மா விடுவாரா? "சரி. நீங்க முழுசாப் பாத்தீங்களோ?"

"நானா? நாப்பத்தோரு தடவை பாத்திருக்கேன்."

"முடிவு எப்படி?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பெரியவர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருவார். 'டமார்'னு ஒரு சத்தம். சனங்க அப்படியே வாயடைச்சுப் போயிருவாங்க. அப்புறம்தான் கைதட்டு."

பேராசிரியை அவரைப் பார்த்தார். மெதுவாக, "அக்கா, அப்படி முடியாதே" என்றார்.

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. நாடகம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது மேலாளர் அறையிலிருந்து ஒரு சின்ன மணி அடிக்கும். உடனே அவர் வெளியே போய்விட வேண்டும். முன்கூடத்து விளக்குகளைப் போட்டு, மிதியடியைச் சுருட்டி, கதவருகே காத்திருக்க வேண்டும். இருபத்தாறு வருடத்தில் ஒரு நாடகத்தின் முடிவைக்கூட அவர் பார்த்ததில்லை. கதவு வழியே வரும் சத்தத்தையும் வெளியே வருபவர்களின் முகத்தையும் வைத்து முடிவை அவரே கட்டிக்கொள்வார். கட்டிக்கொண்டது என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது.

"ஆக, நான் பாதி, நீங்க முக்கால்" என்றார் தலைவர். இசையமைப்பாளர் வாய்விட்டுச் சிரித்தார்.

பழைய நடிகர்தான் குறுக்கிட்டார். "சிரிக்காதீங்கப்பா. கணக்குப் பாத்தா நான் கால்கூட இல்ல."

பேராசிரியை ஒரு வழி சொன்னார். இரண்டு நாடகங்களும் இன்னும் ஓடுகின்றன. விட்டதை விட்டவர்கள் பார்த்துவிட்டு வரட்டும். அடுத்த வியாழக்கிழமை வாக்கெடுப்பு.

அன்று வீட்டில் பாத்திரங்கள் விழுந்த சத்தம் பக்கத்து வீடுவரை கேட்டது. அக்காவின் கணவர் லிப்ட் மெக்கானிக். விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, "லிப்ட் ரிப்பேருக்கு என்னை ஒரு போன் போட்டுக் கூப்பிட்டிருந்தா நாடகமே தேவைப்பட்டிருக்காது" என்றார்.

"இப்ப ஜோக்கு ரொம்ப முக்கியமா?"

"ஏம்மா, அந்த ஆள் மேல எதுக்கு இவ்வளவு கோபம்? அவர் எந்திரிச்சுப் போனார். உன்னை அனுப்பிவிட்டாங்க. ரெண்டும் ஒண்ணா?"

"நீங்க ஒண்ணும் எனக்காகப் பரிஞ்சு பேச வேண்டாம்" என்று சீறினார். ஆனால் அந்தப் பேச்சு அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கோபம் இப்போது தலைவரைவிட்டு வேறெங்கோ நகர ஆரம்பித்திருந்தது.

சனிக்கிழமை 'ஆயிரம் ஜன்னல்கள்' நாடகத்தை முழுதாகப் பார்த்தார். மாடிக் கதவுக்காரர் கீழே வந்து அவருடைய இடத்தில் நின்றார். முடிவில் ஜன்னல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தன. மேடை தங்கமாக மின்னியது. அக்காவும் கைதட்டினார், கை வலிக்கத் தட்டினார். பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் பால் தீர்ந்துவிட்டது ஞாபகம் வந்தது. வேறெதுவும் ஞாபகத்தில் இல்லை.

புதன்கிழமை ஆறரைக் காட்சி. முன்வரிசையில் நான்காம் இருக்கையில் தலைவர், ஐந்தாம் இருக்கையில் அக்கா. பழைய நடிகர் மூன்று வரிசை தள்ளி, தன்னைக் கிள்ளி எழுப்புவதற்கென்றே பேராசிரியையை அருகில் வைத்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் தலைவர் எழுந்தார். அக்கா திரும்பிப் பார்த்தார்.

"டீ குடிக்கத்தாம்மா போறேன்."

"அட்டையை வாங்கிட்டுப் போங்க."

வாங்கிக்கொண்டு போனார். திரும்பியும் வந்தார்.

கடைசிப் பத்து நிமிடம் தொடங்கும்போது மேலாளர் அறையின் மணி அடித்தது. பழக்கத்தில் அக்காவின் கால்கள் எழப் பார்த்தன. கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார்.

மேடையில் லிப்ட் சரியாகிவிட்டது. ரிப்பன் வெட்டினார்கள். நோயாளியைச் சக்கர நாற்காலியில் உள்ளே ஏற்றினார்கள். மூத்த ஊழியரும் பின்னாலேயே ஏறப் போனார். ஓர் அதிகாரி பலகையைக் காட்டினார்: ஊழியர்கள் படிக்கட்டைப் பயன்படுத்தவும். லிப்ட் கதவு 'டமார்' என்று மூடியது. அந்தச் சத்தம்தான் அது. பெரியவர் கதவைப் பார்த்தார். ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். கூட இருந்தவருக்குத் தலையசைத்தார். இருவரும் காலி ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏற ஆரம்பித்தார்கள். ஒரு வசனம் இல்லை. ஆறு மாடியும் ஏறி முடிக்கும்வரை விளக்கு அணையவில்லை.

அந்த நிசப்தத்தில் அக்கா, "சீ!" என்றார். மூன்று வரிசைக்குக் கேட்டது.

மறுநாள் கூட்டத்தில் தலைவர் தானே முதலில் பேசினார். "இரண்டாம் பாதி தொய்யலை. நான் சொன்னது தப்பு. ஆனா இந்த விருது பெரிய முயற்சிக்குப் போகணும். என் ஓட்டு ஜன்னல்களுக்கு." இசையமைப்பாளரும் அதற்கே. பேராசிரியை 'ஆறாவது மாடி' என்றார். பழைய நடிகர், "எனக்கும் அதுதான். யாரும் என்னைக் கிள்ளலை, நானே முழிச்சிட்டிருந்தேன். இதைவிட என்ன சர்டிபிகேட் வேணும்?" என்றார்.

இரண்டுக்கு இரண்டு. அறுபது காட்சியா, டயர் கடையா என்பது இப்போது அக்காவின் வாயில் இருந்தது.

தலைவர் குனிந்து, மரியாதையாகவே கேட்டார். "நேத்து நீங்க 'சீ'ன்னு சொன்னீங்க. பக்கத்துலதான் இருந்தேன். பிடிக்காத ஒண்ணுக்கு ஓட்டுப் போடணும்னு கட்டாயம் இல்லம்மா."

"பிடிக்கலைதான்" என்றார் அக்கா. "அந்த ஆள் மேல அப்படி ஒரு ஆத்திரம். காலி ஸ்ட்ரெச்சர் சார்! அதுல ஆளே இல்ல. போட்டுட்டுப் போனா யார் கேக்கப்போறா? ராத்திரி பூரா அந்த ஆளைத் திட்டிட்டே படுத்திருந்தேன். காலையில டீ போடும்போதும் திட்டினேன். அப்புறம் பாத்தா நான் திட்டிட்டிருந்தது அவரை இல்ல."

மேசையில் கையை ஊன்றினார். "இருபத்தாறு வருஷமா மணி அடிச்சா வெளியே போறேன். ஏன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் கேக்கலை. எனக்கும் யாரும் லிப்ட்டுல இடம் குடுக்கலை, நானும் எதையும் தூக்கிப் போடலை. ஜன்னல்கள் நல்லா இருந்துச்சு. கைதட்டினேன், மறந்துட்டேன். இது என் வயித்துல இன்னும் எரியுது. எரியறதுக்குத்தான் என் ஓட்டு. எழுதிக்கோங்க."

தலைவர் எழுதிக்கொண்டார். மூன்றுக்கு இரண்டு.

'ஆறாவது மாடி'யின் அறுபதில் முதல் காட்சி, வெள்ளிக்கிழமை. அரங்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது. முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது மணி அடித்தது. அக்கா நகரவில்லை. மேலாளரே இருட்டில் தட்டுத் தடுமாறி வந்தார்.

"அக்கா, மணி கேக்கலையா? கதவை யார் திறக்கிறது?"

"நான்தான். தாழ்ப்பாள் உள்பக்கம்தானே இருக்கு? முடிஞ்சதும் இங்கிருந்தே திறக்கிறேன்."

"விளக்கு? மிதியடி?"

"கவுண்டர்ல இருக்கிறவர் எட்டு மணிக்கு மேல என்ன பண்றார்? பேப்பர்தானே படிக்கிறார்? அவர் போடட்டும். மெதுவாப் பேசுங்க சார், நாடகம் நடக்குது."

மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கடைசி வரிசையிலிருந்து யாரோ "உஷ்" என்றார்கள். போய்விட்டார்.

அக்கா கதவில் முதுகைச் சாய்த்து, அணைத்த டார்ச்சை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். லிப்ட் கதவு மூடியது. பெரியவர் காலி ஸ்ட்ரெச்சரின் பக்கம் குனிந்தார்.

"போடுய்யா கீழே" என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அறுபது காட்சியிலும் சொன்னார். ஒரு தடவைகூடப் பெரியவர் போடவில்லை. அறுபது தடவையும் அக்கா அதே எரிச்சலோடு தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்துவிட்டார்.