மஹ்ரூப் நானா அழித்த தழும்பு

தந்தி ஹல்துமுல்லைக்கு வந்து சேர்ந்தபோது பகல் பதினொரு மணி. "பதுளையில யாரோ தவறிட்டாங்களாம் ஐயா" என்று சொல்லிவிட்டுத்தான் தபால்காரர் அதை என் கையில் கொடுத்தார். தந்தியைப் படிக்காமல் கொடுக்கும் தபால்காரர் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. யாரோ இல்லை, எனக்கு அண்ணன் மாதிரி இருந்த ஸ்டுடியோக்காரர் மஹ்ரூப் நானா. சட்டையை மாற்றிக்கொண்டு ஓடி பண்டாரவளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து பதுளைக்கு இன்னொரு பஸ் பிடித்தேன். ஹாலிஎலையில் டிரைவர் தேநீர் குடிக்க இறங்கினார். இரண்டாவது கோப்பை குடிக்க வேண்டும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து எல்லோரும் மையவாடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். காலையில் மௌத்தானவரைப் பின்னேரம் வரை வைத்திருப்பது அவர்கள் வழக்கமில்லை, அது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த முகத்தை ஒருமுறை பார்க்கக் கிடைக்கவில்லையே என்று பஜார் தெருவில் நின்றபடியே அழுதேன். அறுபத்து நான்கு வயதில் தெருவில் நின்று அழுவது நன்றாக இருக்காது. அழுதேன், அவ்வளவுதான்.

நானாவைத் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? பதுளையில் பாஸ்போர்ட் படம் எடுத்த எல்லோரும் அந்த வட்ட ஸ்டூலில் உட்கார்ந்தவர்கள்தான். ஸ்டூலுக்கு எதிரே சுவரில் ஒரு தலை தொங்கும். பாதி மண்டையோடு, பாதி சிவப்புத் தசை. ஆஸ்பத்திரியில் இருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன படம் அது. தோட்டத்திலிருந்து வருபவர்கள் அதைப் பார்த்தவுடன் பாதிப் பேர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். "அது யாரு சாமி?" என்று ஒரு கிழவர் கேட்டதற்கு, "நீங்களும் நானுந்தான். தோலை மட்டும் கழட்டி வெச்சீக்குது" என்றார் நானா. கிழவர் அதற்குப் பிறகு ஸ்டூலில் உட்காருவதற்கு அரை மணி நேரம் ஆனது.

அவருடைய ஸ்டுடியோவை ஒட்டிய அறையில் நான் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். எழுபதுகளில் அதுதான் பெரிய தொழில். இரண்டு நாட்டுக்காரர்களும் ஒப்பந்தம் போட்டு, தோட்டத்து ஆட்களில் இன்னார் இங்கே, இன்னார் இந்தியாவுக்கு என்று பிரித்துக்கொண்டிருந்த காலம். யாராக இருந்தாலும் முதலில் என்னிடம் வந்து பெயர், பிறந்த தோட்டம், அங்க அடையாளம் எல்லாம் எழுதிக்கொள்வார்கள். பிறகு அடுத்த கதவில் நுழைந்து முகத்தைக் கொடுப்பார்கள். நான் ஓயாமல் பேசுகிறவன். அதற்காக நானா என்னை விட்டதே இல்லை. "தம்பி, தலையில மொத்தம் இருவத்திரெண்டு எலும்பு. அசையிறது ஒண்டே ஒண்டு, கீழ்த்தாடை. ஒங்களுக்கு அந்த ஒண்டுக்கு லீவே இல்ல" என்பார்.

ஆனால் பயந்து வருகிறவர்களைப் பேச வைப்பதில் அவர்தான் கெட்டிக்காரர். பாஸ்போர்ட் படத்தில் இரண்டு காதும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது, தலையில் துணி கூடாது. இத்தனை கட்டளையும் கேட்ட பிறகு எந்த முகம் முகமாக இருக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். கன்னத்துத் தசை இறுகினால் ஆளே மாறிப்போகும் என்று சொல்லி, நானா கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபடி, "இண்டைக்கி வீட்டுல என்ன கறி?" என்று கேட்பார். அவர்கள் "கருவாடுங்க" என்று சொல்லி வாயை மூடும் அந்த இடைவெளியில் படம் விழுந்துவிடும். பெண்களின் முகத்தை அவர் தொட மாட்டார். தன் தாடையில் விரல் வைத்து உயர்த்திக் காட்டுவார், தன் கன்ன எலும்பைத் தட்டி விளக்கின் பக்கம் திருப்புவார். எதிரே இருப்பவர்களும் அப்படியே செய்வார்கள். பின்னால் நின்று பார்த்தால் எனக்குச் சிரிப்பாக வரும்.

நெகட்டிவில் பென்சிலால் டச்சப் செய்வதில் அவருக்குப் பெருமை அதிகம். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருமை எல்லாம் யாரும் கேட்காமலே போய்விடும். "பாவம், ஒரு படந்தான் எடுக்கப் போறாங்க. அதுலயாவது நல்லா ஈக்கட்டுமே" என்பது அவர் நியாயம். அந்த நியாயம் மடுல்சீமை மாரியாயி விஷயத்தில் எங்களைச் சந்தியில் நிறுத்திவிட்டது.

மாரியாயிக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். புருஷன் இல்லை. ஒரே மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள். எல்லோருக்கும் இந்தியா என்று முடிவாகி, மற்றவர்களுக்குப் பாஸ்போர்ட் வந்து கப்பலுக்கும் நாள் குறித்தாகிவிட்டது. மாரியாயியின் பாஸ்போர்ட் மட்டும் பாக்கி. அவருடைய விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிற்றை முன்தலையில் மாட்டி முதுகில் கூடையைத் தொங்கவிட்டு, பதினொரு வயதிலிருந்து மலை ஏறியவர். முன் நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதன் ஓரத்தில் முடியே இல்லை. மச்சம் எல்லோருக்கும்தான் இருக்கிறது, இது நல்ல அடையாளம் என்று நினைத்து, "முன் நெற்றியில் கூடைக்கயிற்றுத் தழும்பு" என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். அடுத்த கதவில் நானா அன்று பின்னேரமே அதைப் பென்சிலால் நிரவி, வழவழவென்று ஒரு நெற்றியைச் செய்து கொடுத்துவிட்டார். நான் எழுதியதை அவர் கேட்கவில்லை, அவர் செய்ததை நான் பார்க்கவில்லை. பத்து வருடம் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள்.

விண்ணப்பம் தபாலில் திரும்பி வந்தது. படத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. கூடவே கண்டியிலிருந்த பாஸ்போர்ட் அலுவலகத்தின் ஒரு கடிதம். படத்தில் இருப்பவர் விண்ணப்பத்தில் சொல்லப்பட்டவர் அல்லர், ஆள்மாறாட்டம் என்று சந்தேகம். கப்பலுக்கு ஒன்பது நாள் இருந்தது. மாரியாயி என் அறை வாங்கில் உட்கார்ந்து, சத்தம் போடாமல் சொன்னார்.

"நீங்க ரெண்டு பேருஞ் சேந்து என்னைய வேற ஆளா ஆக்கிப்புட்டீங்களே சாமி. இப்ப எம்மக போயிருமே. நா மட்டும் இங்க லயத்து வீட்டுல கெடந்து என்னா செய்ய?"

நான் படத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனேன். "ஒங்கள யாரு அழிக்கச் சொன்னது?" என்றேன். "ஒங்கள யாரு எழுதச் சொன்னது? ஒரு பொம்பளட அடையாளம் எண்டு எழுத அதுதானா கெடச்சிச்சு?" என்றார் அவர். பெரிய சண்டை. சுவரில் தொங்கிய மண்டையோடு மட்டும்தான் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தது. நான் கத்தி முடித்த பிறகு நானா நெகட்டிவைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பென்சில்தானே. டர்ப்பண்டைன் தொட்டுத் தொடச்சா வந்துரும்" என்றார். பஞ்சை எடுத்தவர் திரும்பவும் கீழே வைத்துவிட்டார். "இங்க தொடச்சு புதுசா ஒரு படம் அனுப்பினா, இது எந்தப் பொம்பள எண்டு கந்தோர்க்காரன் திரும்பவும் கேப்பான். அவன்ட கண்ணுக்கு முன்னால தொடைக்கணும்."

மறுநாள் காலை ரயிலில் மூன்று பேரும் கண்டிக்குப் புறப்பட்டோம். நானாவின் மேல்சட்டைப் பையில் நெகட்டிவும் ஒரு சின்னப் போத்தலும். பெட்டி முழுக்க டர்ப்பண்டைன் வாசம். நானுஓயா வரை நானும் அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த மாரியாயி முடிச்சை அவிழ்த்துத் தேங்காய் ரொட்டியும் சம்பலும் எடுத்தார். "சண்ட போட்டது போதுங்க. போற எடத்துல ஒருத்தர ஒருத்தர் காட்டிக்குடுக்காம இருந்தாச் சரி. தின்னுங்க" என்றார். தின்றோம். போய்ச் சேர்வதற்குள் பாஸ்போர்ட் கந்தோர் மூடிவிட்டது. நானாவின் தங்கை வீட்டில் தங்கி, விடிந்ததும் போய் வரிசையில் நின்றோம்.

அதிகாரி கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். நான் பேசத் தொடங்கினேன். நானா என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்த ஒரு எலும்புக்கு அன்றைக்குத்தான் லீவு கொடுத்தேன். "சேர், பிழ என்ட பிழ. இந்த மனிசியிட பிழ இல்ல, எழுதினவர்ட பிழயும் இல்ல" என்று சொல்லிவிட்டு, நெகட்டிவை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பென்சில் கீறல்களைக் காட்டினார். பிறகு பஞ்சை நனைத்துத் துடைத்தார். தான் மணிக்கணக்காக உட்கார்ந்து செய்த வேலையை அவர் ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டார். நெற்றியின் குறுக்கே அந்தக் கோடு திரும்ப வந்தது. அதிகாரி மாரியாயியைப் பார்த்து, "முக்காட்டை எடுங்கம்மா" என்றார். எடுத்தார். அவர் நெகட்டிவைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், திரும்பவும் நெகட்டிவைப் பார்த்தார். "எத்தனை வருஷமா கொழுந்து எடுத்தீங்க?" என்று கேட்டார். "கணக்கு வெச்சுக்கலீங்க" என்றார் மாரியாயி. பின்னேரத்துக்குள் இதிலிருந்து புதுப் படம் கொண்டுவரச் சொன்னார். தெரிந்த ஸ்டுடியோவுக்கு ஓடி, ஈரம் காய்ந்தும் காயாமலும் கொண்டுவந்து கொடுத்தோம். பாஸ்போர்ட் கிடைத்தது.

பதுளை ஸ்டேஷனில் வழியனுப்பப் போயிருந்தோம். மகளும் பேரப்பிள்ளைகளும் பெட்டியில் ஏறிய பிறகு மாரியாயி நானாவிடம் வந்து, "அந்தப் படத்துல ஒண்ணு எனக்குத் தருவீங்களா?" என்று கேட்டார். பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததில் மிச்சத்தை நானா நீட்டினார். "இது இல்லீங்க. மொதல்ல செஞ்சீங்களே, அது. கயிறு மாட்றதுக்கு முந்தி நா எப்பிடி இருந்தேன்னு எனக்குத் தெரியாது. வீட்டுல கண்ணாடி ஏது? அதப் பாத்தப்பதான் தெரிஞ்சிச்சு."

எங்கள் கையில் இருந்தது திரும்பி வந்த அந்த ஒரு படம்தான், குறுக்கே சிவப்புக் கோட்டோடு. நானா அதைக் கொடுத்தார். மாரியாயி சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு ஏறிவிட்டார். ரயில் போன பிறகும் நானா மேடையிலேயே நின்றார். "தம்பி, அழிச்சதும் பிழ இல்ல, எழுதினதும் பிழ இல்ல. அவங்கள்ட்ட கேக்காததுதான் பிழ" என்றார்.

அன்றையிலிருந்து அவர் பென்சிலை எடுக்கும் முன் யாரையும் கேட்காமல் விட்டதில்லை. தழும்பையோ மருவையோ தன் முகத்தில் தொட்டுக் காட்டி, "எடுக்கவா, ஈக்கட்டுமா?" என்பார். கலியாணப் பெண்ணிடமும் கேட்பார், கங்காணியிடமும் கேட்பார். பலபேர் "இருக்கட்டும்" என்றதைக் கேட்டு முதலில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

போன வருடம் நானாவின் முகத்தில் இடது பக்கம் வாதம் வந்து விழுந்துவிட்டது. கண் மூடவில்லை, வாய் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. பார்க்கப் போனவனைச் சுவரில் இருந்த படத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், காதுக்குப் பின்னாலிருந்து கன்னத்தில் விசிறியாகப் பிரியும் மஞ்சள் நரம்பை விரலால் காட்டினார். "எலும்பெல்லாம் சரியாத்தான் ஈக்குது. இவன்தான் என்னய உட்டுட்டான்" என்றார் குழறலாக. பிறகு என்னைக் கேமராவுக்குப் பின்னால் நிறுத்தி, தானே ஸ்டூலில் உட்கார்ந்தார். "இண்டைக்கி என்ன கறி நானா?" என்று கேட்டேன். வலது பாதி முகம் சிரித்தது. அந்தச் சிரிப்போடு படம் விழுந்துவிட்டது.

அடக்கத்துக்குப் பிறகு அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நான் எழுதும் இந்த அஞ்சலிக் குறிப்போடு போட ஒரு படம் வேண்டும் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்பார்கள் என எனக்குத் தெரியும். நானாவின் மகன் ரிஸ்வான் உள்ளே போய், நான் எடுத்த அந்தப் படத்தின் நெகட்டிவை எடுத்துவந்தான். வாப்பாவின் தொழிலை இப்போது அவன்தான் பார்க்கிறான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாமா, எடுக்கவா, ஈக்கட்டுமா?" என்றான்.

உள்ளதை உள்ளபடி எழுதுகிறவன் நான், என் தொழிலே அது. "பத்திரிகைக்கு ஈக்கட்டும்" என்றேன். இதோடு வந்திருக்கும் படத்தில் வாய் கோணலாகத் தெரிந்தால் அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். கடைசி வருடம் நானாவின் முகம் அப்படித்தான் இருந்தது, அவரே ஸ்டூலில் உட்கார்ந்து கொடுத்த முகம் அது.

பிறகு ரிஸ்வானிடம் இன்னொன்று கேட்டேன். "எடுத்துட்டு எனக்கு ஒண்ணு தா" என்றேன். வாய்க் கோணலைப் பென்சிலால் நேராக்க முடியாது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கன்னத்து மடிப்பையும் கண்ணுக்குக் கீழே இருந்த நிழலையும் மட்டும் எடுத்துத் தந்தான். மாரியாயி ரயில் மேடையில் ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் படம் என் சட்டைப் பையில் இருக்கிறது.