கிருஷ்ணவேணியின் குழியும் என் நட்சத்திரமும்

செய்தி வந்தபோது மீஞ்சூர் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி லோக்கலுக்காக நின்றுகொண்டிருந்தேன். கல்லூரி அட்டெண்டர் போனில், "சார், நிலநடுக்க மேடம் தவறிட்டாங்க. காத்தால நெஞ்சு வலின்னாங்களாம்" என்றார். வண்டி வந்து நின்று போனது. நான் ஏறவில்லை. பழவேற்காட்டு பஸ்ஸைத் தேடி வெளியே வந்தேன்.

கிருஷ்ணவேணியை அறிந்த உங்களுக்கு அந்தக் குழியும் தெரிந்திருக்கும். கல்லூரிப் பின்புறத்தில், ஆளுயர ஆழத்தில், அவருடைய நிலநடுக்கமானி இருந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் இறங்குவார். நான் மொட்டைமாடியில் தொலைநோக்கியோடு இருப்பேன். இருவரும் ஒரே இயற்பியல் துறை. அவருக்குப் பாதாளம், எனக்கு ஆகாயம் என்று பிரின்சிபால் கிண்டல் செய்வார். உள்ளூர எனக்கு அதில் பெருமைதான். நான் ஒரு படி உசத்தி என்ற நினைப்பு இருந்தது.

அந்த நினைப்பை அவர் கண்டுகொண்டிருக்க வேண்டும். ஒருநாள் டீ குடிக்கையில் சொன்னார்: "பூமிக்குள்ள போய்ப் பாத்தவங்க யாரும் இல்ல சார். நட்சத்திரத்துக்குள்ள போனவங்களும் இல்ல. ரெண்டு பேரும் ஆட்டத்த வச்சித்தான உள்ள இன்னா இருக்குன்னு சொல்றோம்?" உண்மைதான். பூமி அதிரும்போது அலைகள் உள்ளே புகுந்து வரும் வழியை வைத்து அவர்கள் பூமியின் வயிற்றைப் படிக்கிறார்கள். நட்சத்திரமும் அதிர்கிறது; அதன் ஒளி கூடிக் குறைவதை வைத்து நாங்கள் அதன் வயிற்றைப் படிக்கிறோம். கணக்கு ஏறக்குறைய ஒன்றே.

இன்னொரு நாள் கணினித் திரையில் தடித்த கோடு ஒன்றைக் காட்டினார். தொலைவில் எங்கோ புயல் என்றார். கடல் கொந்தளித்தால் தரை நடுங்கும். அது குழிக்குள் தெரியும். அவர் வீட்டார் பழவேற்காட்டில் மீன் பிடிப்பவர்கள். உடனே அண்ணனுக்குப் போன் போட்டுக் கடலுக்குப் போக வேண்டாம் என்றார். கேட்பாரா என்றேன். "நம்ப மாட்டாரு சார். ஆனா போவவும் மாட்டாரு" என்று சிரித்தார்.

அப்போது நான் ஒரு மங்கலான நட்சத்திரத்தின் பின்னால் அலைந்துகொண்டிருந்தேன். பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அதன் ஒளி குறைந்தது. யாரும் பார்க்காத துடிப்பு. ஐந்து வருட ஆராய்ச்சிப் பட்டத்துக்கு அதைத்தான் நம்பியிருந்தேன். கட்டுரை எழுதி முடித்து, அனுப்புவதற்கு முன் எல்லோரிடமும் காட்டி மகிழ்ந்தேன்.

கிருஷ்ணவேணி அதை இரண்டு முறை படித்தார். பிறகு தயங்கித் தயங்கி, "ஞாயித்துக்கெழம பாத்தீங்களா சார்?" என்று கேட்டார்.

பார்க்கவில்லை. சனிக்கிழமை மதியமே பொதட்டூர்பேட்டையில் இருக்கும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன், திங்கட்கிழமைதான் திரும்புவேன். எந்த வாரமும் அது மாறியதில்லை.

அவர் தன் பதிவை விரித்தார். பக்கத்துச் சிப்காட்டில் ஒரு பட்டறைத் தொழிற்சாலை. உலையிலிருந்து பழுத்த இரும்புக்கட்டியை எடுத்துப் பெரிய சுத்தியால் அடித்துவிட்டு, மறுபடி உலையில் வைப்பார்கள். இரவும் பகலும் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடி. அந்த அடியில் எங்கள் கட்டிடம் அதிரும், தொலைநோக்கி நடுங்கும், நட்சத்திரத்தின் ஒளி கருவியின் துளைக்கு வெளியே சிதறும். ஒளி குறைந்ததாகக் கருவி சொல்லும். ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலைக்கு விடுமுறை. "இந்த ஒரு வாரம் ஊருக்குப் போவாதீங்க சார்" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. குழிக்குள் இருப்பவருக்கு வானத்தைப் பற்றி என்ன தெரியும் என்று வாய்விட்டே சொன்னேன். ஆனாலும் தங்கினேன். அந்த ஞாயிறு இருட்டியதும் நான் மாடியிலும் அவர் குழியருகிலும் உட்கார்ந்தோம். அவர் தன் விடுமுறையை விட்டுவிட்டுப் பழவேற்காட்டிலிருந்து வந்திருந்தார். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். நட்சத்திரம் அசையாமல் எரிந்தது. அவர் படியேறி வந்து திரையைப் பார்த்தார், இறங்கிப்போனார்.

அதன்பின் ஏழெட்டு மாதம் அவரோடு பேசவில்லை. ஜெயித்துவிட்டார், உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருப்பார் என்றே நினைத்தேன். தரையின் நடுக்கத்தை நட்சத்திர ஒளியிலிருந்து கழிப்பது எப்படி என்று தலைப்பை மாற்றிப் பட்டம் வாங்கினேன். அதற்கும் அவருடைய பதிவுகள்தான் வேண்டியிருந்தன. கேட்டதும் கொடுத்தார். நன்றியுரையில் அவர் பெயரை ஏழாவதாகப் போட்டேன், மாடிச் சாவி வைத்திருந்த வாட்ச்மேனுக்கும் பிறகு. அதைப் படித்துவிட்டும் இனிப்பு கேட்டு வந்தார். இன்று அதை நினைத்தால் கூசுகிறது.

பழவேற்காட்டில், பந்தலுக்குக் கீழே, அவர் வீட்டுக்காரர் என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். நட்சத்திரம் பார்க்கிற சார்தானே என்றார். தலையசைத்தேன்.

"அந்த ஞாயித்துக்கெழம காத்தால கோயிலுக்குப் போனா சார். இன்னா விசேசம்னு கேட்டேன். சாரோட நட்சத்திரம் ஆடணும், என் கணக்கு தப்பாப் போவணும்னு வேண்டிக்கினு வந்தேன்னா. ராத்திரி காலேஜிலேர்ந்து வீட்டுக்குத் திரும்பி வந்தவ சோத்துல கை வைக்கல."

அவருடைய பதிவுகளைக் கல்லூரி பாதுகாக்கட்டும். குழியை அடுத்து வருபவர் பார்த்துக்கொள்ளட்டும். நான் தோற்றதற்காக அவர் சாப்பிடாமல் படுத்த அந்த ஒரு வேளையை நான் வைத்துக்கொள்கிறேன்.