இடப்பக்கத்து அறை

நான் ஒருமுறை பன்னிரண்டு மாடிக் கப்பலையே திருப்பியவள். சரி, சரி, முறைக்காதீர்கள். பன்னிரண்டு மாடி என்பது சத்தியம். திருப்பியதுதான் கொஞ்சம் மிகை. திரும்பியது என் அக்கா உட்கார்ந்த நாற்காலி மட்டும். அதையும் திருப்பியது நானில்லை, கப்பலம்மா.

கப்பலம்மா என்பது நாங்களாக வைத்த பெயர். மருந்துக் கடைக்கு மேலே, படி ஏறியதும் அவளுடைய டிராவல்ஸ். ஒரு மேசை, மூன்று நாற்காலி, காற்றைவிடச் சத்தம் அதிகம் தருகிற மின்விசிறி. இருபத்திரண்டு வருடமாக ஊராரைக் கப்பலேற்றி அனுப்புகிறவள், தான் மட்டும் ஒரு கப்பலில் கால் வைத்ததில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்தாலே அவளுக்குக் குமட்டும். எங்கள் குடும்பமும் அதுவரை மானத்தைத்தான் கப்பலேற்றியிருந்தது, ஆளை ஏற்றியதில்லை.

"ஏஜென்ட் எதுக்கு சித்தி? போன்ல ரெண்டு தட்டு தட்டினா டிக்கெட் வந்துடும்" என்றான் அக்கா மகன்.

"டிக்கெட் வரும்டா. கேள்வி கேக்க ஆள் வருமா?" என்றேன்.

கேள்விதான் கப்பலம்மாவின் தொழில். "தூக்கம் எப்படி?" என்பாள். "நடை எப்படி?" என்பாள். பிறகு கப்பலின் வரைபடத்தை மேசை முழுக்க விரித்து, நடன அரங்குக்குக் கீழே இருக்கும் அறைகளையும் சமையல்கட்டுக்கு மேலே இருக்கும் அறைகளையும் சிவப்புப் பென்சிலால் அடித்துவிடுவாள். கடைசியாக, "எதைப் பாக்கப் போறீங்க?" என்பாள். எல்லோரும் கடலை என்பார்கள். அக்கா மட்டும் கைப்பையிலிருந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

அத்தான் சரக்குக் கப்பலில் எஞ்சின் மெக்கானிக். முப்பத்தொரு வருடத்துக்கு முன், கரைக்கு ஆறு நாள் தூரத்தில், காய்ச்சலில் போய்விட்டார். கடலிலேயே விட்டுவிட்டார்கள். எந்த இடம் என்று கேப்டன் அந்தக் கடிதத்தில் இரண்டு வரி எண்களாக எழுதியிருந்தார். அக்காவுக்குப் புருஷன் சமாதி என்பது அந்த இரண்டு வரிதான்.

"கூட்டத்துக்கு நடுவுல நின்னு அழ நான் வரலம்மா. எனக்குன்னு ஒரு கதவு வேணும். சாத்திக்கணும்" என்றாள் அக்கா. இதய டாக்டரோ, "இந்த வருஷம் போயிட்டு வந்துடுங்க. அடுத்த வருஷம் என்கிட்ட கேக்காதீங்க" என்று சொல்லியிருந்தார்.

கப்பலம்மா மூன்று நாள் போனும் கையுமாக இருந்தாள். அந்த எண்களுக்குப் பக்கத்தில் போகும் கப்பலைக் கண்டுபிடித்தாள். அந்த இடம் இடது கைப் பக்கம் வரும் என்று கணக்குப் போட்டு, ஏழாவது மாடியில், இடப்பக்கம், பால்கனி வைத்த அறையாகப் பிடித்தாள்.

கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது மழையில் நனைந்தபடி வாசலில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"பெரியம்மா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

முதல் துறைமுகத்தில் மராமத்தாம். அதனால் அதே ஊர்களை, கடைசியிலிருந்து முதலுக்குச் சுற்றப்போவதாகக் கப்பல் கம்பெனி பத்து நாள் முன்பே கடிதம் போட்டிருந்தது. அதைக் கப்பலம்மா எங்களுக்கும் அனுப்பினாள், 'தேதியில் மாற்றமில்லை' என்று ஒரு வரியும் சேர்த்திருந்தாள்.

"சுத்துற திசை மாறினா பக்கமும் மாறும். இன்னைக்குக் கப்பல் போற வழியைத் தலைகீழா போட்டுப் பாத்தப்பதான் உறைச்சுது. அந்த இடம் இப்போ வலது பக்கம் வருது. உங்க பால்கனி அதுக்கு முதுகைக் காட்டிட்டுப் போகும்."

அக்கா கேப்டன் கடிதத்தை எடுத்து மடித்தாள். "பெட்டியைப் பிரிச்சுடு. நான் வரல" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் கப்பலம்மாவைச் சமையலறைக்கு இழுத்தேன். "பைத்தியமா உனக்கு? தண்ணிக்கு முகம் ஏது, முதுகு ஏது? நீ வாயை மூடிட்டு இருந்தா யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே, சின்னம்மா."

கப்பலில் ஓர் அறைகூடக் காலியில்லை. ஆனால் வலப்பக்கம் அதே மாடியில் அவளே அனுப்பும் ஒரு தம்பதி இருந்தார்கள்: பல் டாக்டரம்மாவும் அவர் கணவரும், இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்காக. மறுநாள் கப்பலம்மா அந்தப் பல் ஆஸ்பத்திரியில் வீங்கிய கன்னங்களுக்கு நடுவே இரண்டு மணி நேரம் காத்திருந்து, பல் வலி இல்லாமலேயே அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். "ரூமை மாத்தமாட்டேன். வேணும்னா ஒரு மணி நேரம் பால்கனியைத் தரேன்" என்றாராம் டாக்டரம்மா. அதைக் கேட்டபின்தான் அக்கா பெட்டியை மறுபடி மூடவிட்டாள். கப்பலம்மா ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள்: 'மூன்றாம் நாள், பிற்பகல் மூன்று பத்து, கப்பல் நேரம்.'

மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்தேன். எழுந்து வாட்சைப் பார்த்தால் மூன்று. பதறிப்போய் அக்காவைக் கைத்தாங்கலாக மறுபக்கம் கூட்டிப்போனேன். கதவைத் திறந்த டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார்; அக்கா அவர் கையை அழுத்தினாள். நாற்காலியைக் கடல் பக்கம் திருப்பி உட்கார்ந்தோம். சரியாக மூன்று பத்துக்கு அலைகள் ஒரு நிமிடம் அசையாமல் நின்றன.

ஆனால் அக்காவின் கண் நனையவில்லை. பஸ் வராத நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பவளைப்போல இருந்தாள். முப்பத்தொரு வருடத் துக்கம் இப்படியா இருக்கும்? இது அந்த இடமே இல்லையோ? கணக்கில் இரண்டாவது முறையும் கோட்டை விட்டாளோ? ஊர் திரும்பியதும் கப்பலம்மா போன் செய்து, "பாத்தீங்களா சின்னம்மா?" என்றாள். "பாத்தோம்" என்றேன், உப்புச் சப்பில்லாமல். எட்டு மாதமாக மருந்து வாங்கக்கூட அந்தத் தெருப்பக்கம் நான் போகவில்லை.

இதுவரை எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அந்தப் பொண்ணு எழுதினது சரிடி. உன் வாட்ச்தான் தப்பு. எல்லாரும் வாட்சை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைங்கன்னு முந்தின நாளே மைக்ல சொன்னான். நீ பக்கத்து மேசைக்குக் கதை விட்டுட்டிருந்தே. கப்பல் மணி மூணு பத்துக்கு நீ குறட்டை. நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நானே போனேன். டாக்டரம்மா வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வெளியே போயிட்டாங்க. கதவைச் சாத்திக்கிட்டேன். நீ என்னைக் கூட்டிட்டுப் போனப்போ எல்லாம் முடிஞ்சு முகமும் கழுவியாச்சு."

"என்னை எழுப்பியிருக்கலாமே!"

"எழுப்பியிருந்தா நான் அழுததுக்கும் அஞ்சு பக்கம் எழுதியிருப்பே. அப்புறம், அலை ஒண்ணும் நிக்கல. அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. அதைத் திருத்து. திருத்திட்டு, நாளைக்கு அந்தப் படியேறி அவகிட்ட நீயே சொல்லு."