அப்பா போட்ட சுவிட்ச்

எனக்குக் கரண்ட் என்றால் பயம். வீடுகளுக்கு வயரிங் செய்து பிழைக்கிறவள் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டதும், கல்லடியில் இலவசப் பயிற்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டு அம்மா என்னை எங்கள் ஊரான கரடியனாற்றிலிருந்து பஸ் ஏற்றிவிட்டார். போய்ச் சேர்ந்தபோது தையலுக்கு இடம் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது வயரிங்தான். கரண்ட் இருந்தால் விளக்கு எரிந்து காட்டும் டெஸ்டரைப் பிடித்த கை நடுங்குவதைப் பார்த்த பையன்கள், "இவ பல்ப் மாத்த முதல் மாமாங்கப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைப்பா" என்றார்கள். உண்மையில் வைத்துத்தான் இருந்தேன்.

அதைவிடப் பயங்கரம், வாழ்க்கைத் திறன் என்று ஒரு வகுப்பு. பெரியவர்களிடம் மரியாதை குறையாமல் 'இல்லை' என்று சொல்லிப் பழக வேண்டும். எதிரே நிற்கும் பிள்ளை அப்பாவாக நடிக்கும். அந்த நடிப்பு அப்பாவிடமே எனக்கு வாய் எழவில்லை. எங்கள் வீட்டில் அப்பா சொன்னால் சொன்னதுதான். அம்மா 'ஓம்' என்பதற்கு மேல் அவரோடு ஒரு சொல் பேசிக் கேட்டதில்லை.

லீவுக்கு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை அப்பா என்னை வயல் வட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கதிர் முற்றியிருந்தது. யானை ஒருமுறை வயலில் இறங்கினால் அந்தப் போகம் அதோடு சரி. அதனால் ஊரில் சிலர் செய்வதுபோல அப்பாவும் வீட்டிலிருந்து வயர் இழுத்து, வயலைச் சுற்றி முழங்கால் உயரத்தில் வெறும் கம்பி கட்டி, இரவில் கரண்ட் விடுவார். அது குற்றம், ஆளையும் கொல்லும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பசியைப் பற்றிய பயம் எந்தப் பயத்தையும் விடப் பெரிது.

முன்பெல்லாம் விடிந்ததும் வீட்டில் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுத்தான் வயலுக்குப் போவார். நான் இல்லாத நேரம் பார்த்து அவரும் ஒரு வித்தை செய்திருந்தார். முந்தின நாள் பின்னேரம், நான் வந்து சேருமுன், மெயினைத் தொடாமலே கரண்டை நிறுத்தவென்று வயலின் காவல் வாடிக்குள் பல்பும் சுவிட்சும் பூட்டியிருந்தார்.

"நீ படிச்சுச் செய்யிறத நான் படிக்காமச் செஞ்சன் பார். பல்ப் எரிஞ்சா கம்பியில கரண்ட். நூந்தா இல்ல."

சுவிட்சைத் தட்டினார். பல்ப் அணைந்தது. நேரே வரம்புக்குப் போனார்.

"கம்பியத் தூக்கிப் பிடிக்கிறன். குனிஞ்சு வா புள்ள."

என் பழைய பயம் விடவில்லை. "பொறுங்கப்பா" என்று டெஸ்டரை எடுத்துக் கம்பியில் வைத்தேன். மற்றக் கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தேன். டெஸ்டர் விளக்கு சிவப்பாக எரிந்தது.

"உன்ட சாமான் பழுது" என்று கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

"இல்ல!" என்று கத்தி, அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். மரியாதை எந்தப் பக்கம் போனதோ தெரியாது. இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம்.

எழும்பி இரண்டு பேரும் வாடிக்குள் போனோம்; வயரைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது. வீட்டிலிருந்து வாடிக்கு இரண்டு வயர் வருகிறது. கரண்ட் வருவது ஒன்றில். கம்பி வேலியைக் கொழுவியிருந்ததும் அதில்தான். அப்பா சுவிட்சை மற்றதில் பூட்டியிருந்தார். சுவிட்சைத் தட்டினால் பல்ப் அணையும், வேலியில் கரண்ட் அப்படியே இருக்கும். இதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா அணைந்த பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெயின நிப்பாட்டிட்டு வாறன். அசையாதீங்க."

வீட்டுக்கு ஓடி மெயினைக் கீழே இழுத்தேன். அப்பாடா என்று மூச்சு விட்டுக் குசினியை எட்டிப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை. தேத்தண்ணிப் போத்தலையும் காணவில்லை. அம்மா வயலுக்கு வருவது பின்பக்கக் குறுக்குப் பாதையால். அங்கேயும் கம்பி போகிறது. பகலில் அதில் கரண்ட் இராது என்பது அம்மாவின் நம்பிக்கை. கம்பியைக் கையால் அமத்திப் பிடித்துக்கொண்டுதான் காலைத் தூக்கி வைப்பார்.

நான் மெயினை நிறுத்துமுன்பே அம்மா கம்பிக்குப் போயிருந்தால்?

குறுக்குப் பாதையால் ஓடினேன். நேர்த்தி வைக்கக்கூட ஒரு சாமியின் பெயரும் வாயில் வரவில்லை.

அம்மா நின்றுகொண்டிருந்தார். உயிரோடு, கம்பிக்கு இந்தப் பக்கம், கையில் போத்தலோடு. அந்தப் பக்கம் அப்பா, தலை முதல் கால் வரை சேறு. "தொட்டிராத! அங்கேயே நில்லு!" என்று கத்திக்கொண்டிருந்தார். அம்மா வருவதைக் கண்டு வயலைக் குறுக்கறுத்து, கதிரை மிதித்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். கதிரை மிதித்தால் பிள்ளைகளுக்கே அடி போடுகிற மனிதர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "மெயின நிப்பாட்டிட்டன் அப்பா. இப்ப கரண்ட் இல்ல. அம்மா வரட்டும்."

அம்மா ஒரு அடி எடுத்து வைத்தார். அப்பா இரண்டு கையையும் விரித்து மறித்தார். அந்தக் கைகள் நடுங்கியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நானும் அப்பிடித்தானே புள்ள சொன்னன்" என்றார். "டெஸ்டர வைச்சுப் பார்."