அத்தை பார்க்காத பந்தல்

அப்போதுதான் வெட்டிய தென்னங்கீற்றின் வாசனை, அண்டாவில் வதங்கும் வெங்காயம், மிதிபட்ட ஈரமண். எனக்கு ஆறு வயது. கிள்ளானுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு நடுவிலிருந்த திடலில், அப்பாவின் ஒரே தங்கையான அத்தைக்குக் கல்யாணம். அரிசி மூட்டைகளின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு பந்தலை அண்ணாந்து பார்த்தேன். கலர்த்தாள் முக்கோணங்கள் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒன்றாக நிமிர்ந்தன. தோட்டத்து லோரியின் பின்பலகையை இறக்கி அதையே மேடையாக்கி மேளக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தாளம் ஏற ஏற லோரியும் கொஞ்சம் ஆடியது. அது எப்படிக் கவிழாமல் நிற்கிறது என்பதே அன்று எனக்குப் பெரிய கேள்வி.

இப்போது எனக்குக் கல்யாணம். கட்டடங்களுக்கு மின்வசதி வரைபடம் போட்டுக் கொடுப்பது என் வேலை. பிரிக்பீல்ட்ஸ் தொடங்கிப் பல மண்டபங்கள் ஏறி இறங்கியும் எல்லாம் ஒரே மண்டபமாகவே தோன்றின: அதே தங்க நிற நாற்காலி, அதே குளிர். எனக்கு அத்தையின் பந்தல் வேண்டும் என்றேன். என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் பூச்சோங் நகரத்துக்காரர். “கொசுவுக்கும் பத்திரிகை வைக்கணுமா?” என்று கேட்டுவிட்டுச் சம்மதித்தார். பந்திங் பக்கத்தில் ஒரு பழத்தோட்டத்தை வாடகைக்குப் பிடித்தோம். ஆனால் ஆறு வயது நினைவில் அளவுகள் இல்லை. சமையல் எந்தப் பக்கம் நடந்தது? பந்தி எங்கே போட்டார்கள்? கை கழுவத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? அப்பாவிடம் எதைக் கேட்டாலும், “எல்லாம் நல்லா இருந்திச்சு” என்ற ஒரே பதில். கல்யாணப் பெண்ணையே கேட்டுவிடலாம் என்று கிள்ளானுக்குப் போனேன்.

அத்தை பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். என் கேள்விகளை முழுவதும் கேட்டுவிட்டு, “நான் எங்கேம்மா பாத்தேன்?” என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். விடிவதற்கு முன்பே அவரைக் கடைசி லயத்தில் ஒரு வீட்டு உள்ளறையில் உட்கார வைத்துவிட்டார்களாம். மணவறைக்கு வரும்போது தலை குனிந்தே வர வேண்டும். கொஞ்சம் நிமிர்ந்தால் பின்னால் வந்த பெண்கள் பிடரியை அழுத்தினார்கள். பிறகு ஓமப்புகை. தாலி ஏறியதும் காரில் ஏற்றிச் செந்தூலில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுவீட்டுக்குத் திரும்பி வந்தபோது திடலில் பந்தக்கால் குழிகள் மட்டுமே இருந்தன. “ஆல்பத்த பாரேன். எங்க தொறந்தாலும் நான்தான் இருக்கேன். பந்தல காணோம்.” கத்தியைக் கீழே வைத்தார். “லோரி மேல மேளம் அடிச்சாங்களாமே. நீ பாத்தியா? எப்படி இருந்திச்சு?”

கேட்கப் போனவள் சொல்ல ஆரம்பித்தேன். மூட்டைகள், முக்கோணங்கள், ஆடிய லோரி. எல்லாரும் இன்றும் பேசும் அந்தக் கல்யாணத்தைக் காணாத ஒரே ஆள் அத்தைதான் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதே இல்லை. என் கல்யாணப் பந்தலையாவது அவர் ஆற அமரப் பார்க்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். இப்போது அளவுகளை விட அதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது.

சென்ற ஞாயிறு அவரைப் பந்திங்குக்கு அழைத்துப் போனேன். முளை அடித்து, ராஃபியா கயிறு கட்டி இடம் குறித்திருந்தேன். கயிற்றுக் கட்டங்களுக்குள் அத்தை நடந்தார். இது என்னா, அது என்னா என்று ஒன்று விடாமல் கேட்டார். கடைசியில், “பொண்ணு எங்க இருப்பா?” என்றார். பின்னாலிருந்த சாமான் அறையைக் காட்டினேன். மின்சாரமும் தண்ணீரும் இருந்த ஒரே அறை அதுதான். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். திறந்திருந்த கதவு வழியே வெளியே பார்த்தார்.

“இங்கேர்ந்து பாத்தா வாழமரம்தான் தெரியுது லா.”

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உண்மைதான். மழைக்கு, ஜெனரேட்டர் சத்தத்துக்கு, வயதானவர்களின் கழிப்பறைக்கு எல்லாம் வழி யோசித்திருந்தேன். அந்த அறையிலிருந்து எனக்கு எது கண்ணில் படும் என்று மட்டும் யோசிக்கவில்லை. அவரை அன்று உட்கார வைத்தது போன்ற ஓர் அறையில், யாரும் சொல்லாமல், நானே போய் உட்கார்ந்திருக்கிறேன்.

“நான் வாசல்ல நிக்கிறேன் அத்தை. வர்றவங்கள நானே வாங்கன்னு சொல்றேன்.”

“கல்யாணப் பொண்ணு வாசல்ல நின்னா சனம் என்னா சொல்லும்?”

“மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும். யாரு சொன்னாங்கன்னாவது தெரியும்ல.”

“வாயி!” என்று முதுகில் ஒன்று வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே எழுந்து வெளியே நடந்தார். வாசலுக்கு நான் நட்டிருந்த இரண்டு முளைகளுக்கு நடுவில் போய், வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, ஓரமாகத் தள்ளி நின்றுகொண்டார்.

“பன்னீர்ச் செம்ப நான் பிடிச்சிக்கிறேன். நீ அந்தப் பக்கம் நில்லு.”

நின்று பார்த்தேன். இரண்டு பேர் நின்றால் வருகிறவர்களுக்கு வழியில்லை. ஒரு முளையைப் பிடுங்கித் தள்ளி நட்டேன்.