நுளம்பு மட்டும் இருந்த குளம்

நோர்வேயில், குரோருட்டில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு சின்னக் குளம் இருந்தது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. முதியோர் இல்லத்தில் எனக்கு மாலை வேலை. வசந்தம் வந்தால் பகலெல்லாம் குளக்கரையில் குந்தியிருப்பேன். பல்லிக்கு மீன்வால் வைத்ததுபோல அதற்குள் சலமந்தர்கள் திரிந்தன. முதலில் கண்டு சொன்னது என் கணவர்தான்.

"இஞ்சை வாரும், இதுக்கு முதுகிலை கொண்டை இருக்கு!"

அது ஆண். அந்தப் பருவத்தில் முதுகிலிருந்து வால்வரை அதற்கு அலையலையாய்க் கொண்டை எழும்பும். வயிறு செம்மஞ்சளாகிப் பெரிய கறுப்புப் பொட்டுகள் விழும். பெண்ணோ மங்கிய மண்ணிறம். கொண்டை கிடையாது, பொட்டும் சின்னது. ஆண் அவளுக்கு முன்னால் போய் நின்று, வாலை மடித்து விசுக்கு விசுக்கென்று ஆட்டும். அவள் கவனியாமல் போனால் சுற்றி வந்து மறுபடி முன்னால் நிற்கும். "வெக்கம் கெட்டவன்" என்று கணவர் சிரிப்பார். எனக்குப் பிடித்தது பெண்தான். முட்டையை ஒவ்வொன்றாய் இட்டு, பின்னங்கால்களால் இலையை மடித்து மூடுவாள். அவ்வளவு பொறுமை எனக்கு என் பிள்ளைகளிடம்கூட இருந்ததில்லை.

குளத்தை மூடிக் கார் தரிப்பிடமாக்கும் யோசனை குடியிருப்பாளர் கூட்டத்துக்கு வந்தது. வீட்டுக்கு ஒரு வாக்கு. எங்கள் ஆட்களில் கூட்டத்துக்குப் போவது ஆண்கள்தான். எனக்கு வேலையும் இருந்தது.

"சலமந்தர் இருக்கெண்டு சொல்லுங்கோ. தெரிஞ்சால் சட்டப்படி மூட விடமாட்டினம்" என்றேன்.

"ஓம், ஓம். நான் பாத்துக்கொள்ளுறன்."

திரும்பி வந்து, "சனத்துக்குத் தரிப்பிடம்தான் வேணுமாம்" என்றார். தனியே நின்று வாதாடியிருப்பார் என்று அவருக்காகவும் கவலைப்பட்டேன், மடைச்சி.

அந்தக் கிழமையே கீழ்வீட்டு நோர்வீஜியப் பெண் படிக்கட்டில் என்னை நிறுத்தி நன்றி சொன்னாள். குளத்தில் சலமந்தர் இருக்குமோ என்று கூட்டத்தில் கேட்டவளே அவள்தானாம். என் கணவர் எழும்பி, "என் மனைவி தினமும் அங்கேதான் இருக்கிறாள். கடிக்கிற நுளம்பைத் தவிர ஒன்றும் இல்லை என்கிறாள்" என்றாராம்.

"நீ சொன்னாய் என்றபடியால்தான் நிம்மதியாகக் கை உயர்த்தினேன்" என்றாள்.

அவர் குளத்துக்கு எதிராக வாக்களித்ததோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பனிக்காலத்தில் தூரத்தில் நிற்கும் காரைப் பனி சுரண்டி எடுக்கும் கரைச்சல் எனக்கும் தெரியும். ஆனால் என் பெயரைச் சொல்லியே என் குளத்தை மூட வைத்தாரே!

அந்நியருக்கு முன்னால் கட்டினவனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். சிரித்துவிட்டு மேலே போயிருக்கலாம். போகவில்லை. அவளைக் குளத்துக்குக் கூட்டிப்போனேன். கரையோரமாய் ஒரு பெண் சலமந்தர் இலையை மடித்துக்கொண்டிருந்தது. அவள் குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"அப்படியென்றால் உன் கணவர் சொன்னது பொய்யா?"

"பொய்" என்றேன்.

விஷயம் மறுபடி கூட்டத்துக்குப் போய், குளம் தப்பியது. அதன்பிறகு படிக்கட்டில் என் கணவரைக் கண்டால் அயலவர்கள் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்:

"ஒரு பல்லிக்காக என்னை வெள்ளைக்காரிக்கு முன்னாலை விட்டுக்குடுத்திட்டீரே?"

நிமிர்ந்து பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. துரோகம் நடந்தது தனக்குத்தான் என்று அந்த மனிதர் உண்மையாகவே நம்பினார்.