அத்தைக்கு வந்த சுருட்டை

எங்கள் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் வருகிறவள், போன மாதம் ஒரு நாள் பாகலூர் தாண்டியதும் காதில் மாட்டியிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு மார்ல கேன்சராம்டி. மருந்து ஏத்துனா முடி கொட்டிடுமாம். மொட்டையா வந்தா சிரிக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்."

முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். எனக்கு உள்ளங்கையெல்லாம் வேர்த்துவிட்டது. அவளே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நோவு எனக்கா, உனக்கா?" என்று கேட்டாள்.

இதே கேள்வியை என் ஒன்பது வயதில் யாராவது கேட்டிருந்தால், எனக்குத்தான் என்று சொல்லியிருப்பேன்.

ஓசூரில் அப்போது நாங்கள் லைன் வீட்டில் இருந்தோம். ஒரு கதவு எங்களுடையது, அடுத்த கதவு அத்தையுடையது. அத்தை அப்பாவுக்கு அக்கா. பின்னால் தகரக் கொட்டகையில் இரண்டு கறவை மாடு வைத்திருந்தாள். லைன் முழுக்க அவள் ஊற்றுகிற பாலில்தான் காப்பி. அம்மாவும் அப்பாவும் ஷிப்டுக்குப் போய்விடுவார்கள் என்பதால் எனக்குத் தலை பின்னிவிடுவதும் அத்தைதான். அவளுடைய முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். குளித்துவிட்டு அதை அவள் உதறினால் பக்கத்தில் நிற்கிறவர்கள் மேல் தூறல் விழும்.

மாமா டெம்போ ஓட்டினார். பாகலூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ரோஜாப்பூ ஏற்றிக்கொண்டு பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போவார். அந்த வருஷம் திடீரென்று அத்தையும் டெம்போவில் ஏற ஆரம்பித்தாள். பூக்கட்டு எண்ண ஆள் வேணும், அதான் கூட்டிக்கினு போறேன் என்று மாமா லைனில் சொல்லிவைத்தார். பூவை இறக்கிவிட்டு, அத்தைக்கு மாரில் வந்த கட்டியைக் காட்ட அதே வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்பது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். அம்மா இதை எனக்குச் சொன்னது, நான் எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு வீட்டோடு இருந்த காலத்தில்தான்.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. லைனில் கடைசி வீட்டுக்காரருக்கு வாயில் அதே வியாதி வந்தபோது டீக்கடையில் அவருக்குத் தனி டம்ளர் வைத்துவிட்டார்கள். பெயரைச் சொன்னாலே ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல, எல்லோரும் 'அது' என்றுதான் சொல்வார்கள். பால்காரிக்கு 'அது' என்று தெரிந்தால் அடுத்த நாள் ஒரு சொம்பும் வாசலுக்கு வராது. மாடுகளை விற்க வேண்டியதுதான். அந்தப் பாலை நம்பித்தான் வைத்தியமே நடந்துகொண்டிருந்தது.

கட்டியை எடுத்தது கூட வெளியே தெரியாமல் போய்விட்டது. உறவுக்காரர் வீட்டில் விசேஷம் என்று சொல்லிச் சமாளித்தார்கள். முதல் மருந்து ஏற்றிய பிறகு, இன்னும் கொஞ்ச நாளில் முடி முழுக்கக் கொட்டிவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். அதை எந்த விசேஷத்தில் மறைப்பது?

மாமா டெம்போ ஓட்டிக்கொண்டே யோசிக்கிறவர். பூ மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது வழி கிடைத்துவிட்டது. சாமிக்கு முடி இறக்கிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் ஒருத்தி மட்டும் மொட்டை போட்டால் கேட்பார்கள். ஆகவே குடும்பமே போட வேண்டும். அதற்கு ஒரு வேண்டுதல் வேண்டும். வேண்டுதலுக்கு ஒரு நோயாளி வேண்டும். முந்தின மழைக்காலத்தில் எனக்கு மஞ்சள் காமாலை வந்து போயிருந்தது.

"பாப்பா பொழைச்சா எல்லாரும் முடி எறக்கறோம்னு வேண்டிக்கினோம், மறந்தே போச்சு. சாமி கனவுல வந்து கேக்குது" என்று மாமா லைனில் வீடு வீடாகச் சொன்னார். லைன் நம்பியது. நானும் நம்பினேன்.

சூளகிரிப் பக்கம் எங்கள் அப்பா வழிக் குலதெய்வக் கோயிலுக்கு அதே டெம்போவில் போனோம். மொட்டை போடுகிறவர் முன்னால் மாமாதான் முதலில் உட்கார்ந்தார். "முன்னாடி பாதியைச் சாமி ஏற்கெனவே எடுத்துக்கிச்சு, மீதியை நீ எடு" என்றார். அப்புறம் அப்பா. அப்புறம் நான். அம்மா மூன்று விரல்கடை நறுக்கிப் பூமுடி கொடுத்தாள். பொம்பளைகள் அவ்வளவுதான் கொடுப்பது வழக்கம். அதனால் அத்தை வந்து பலகையில் உட்கார்ந்ததும் மொட்டை போடுகிறவர் கத்தரிக்கோலை எடுத்தார்.

"அது வேணாங்க. முழுசா எடுத்துடுங்க" என்றாள் அத்தை.

"இவ்ளோ முடிம்மா..."

"எடுங்கன்றேன் இல்ல."

எடுத்தார். மடியில் விழுந்த முடியை அவள் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா தொட்டிப் பக்கம் திரும்பி நின்று முகத்தைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். "சந்தனம் கண்ணுல பட்டுடுச்சு" என்று மாமா எனக்கு விளக்கம் சொன்னார். அப்பாவின் தலையில் அப்போது சந்தனமே தடவியிருக்கவில்லை.

இங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. இன்றைக்கு வரைக்கும் முழுசாக விடவில்லை. வந்து போன காமாலைக்கு இவ்வளவு பெரிய மொட்டையா? அப்பா அழுகிறார் என்றால் என் உடம்பில் இன்னும் ஏதோ மிச்சமிருக்கிறது, எல்லோரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. வீட்டுக்கு வந்தால் லைன் பொம்பளைகள் அதை உறுதி செய்தார்கள். "தம்பி மகளுக்காக அந்த முடியைக் குடுத்துட்டா பாரு! எந்த அத்தைடி செய்வா? கடைசி வரைக்கும் மறந்துடாத" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். கடைசி என்றால் எப்போது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. காலையில் எழுந்ததும் கண்ணாடியில் கண் மஞ்சளா என்று பார்ப்பேன். சோறு இறங்கவில்லை. சோறு இறங்காதது எதனால் என்று அதற்கும் சேர்த்துப் பயந்தேன்.

அத்தை அடிக்கடி படுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். பாலை மாமாவே கறந்து ஊற்றினார். ஒரு நாள் நான் போய் அவள் பாய் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டேன்.

"அத்தே, நான் செத்துடுவேனா?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். எனக்காக எல்லோரும் மொட்டை போட்டது எதற்கென்று எனக்குத் தெரியும் என்றும், இன்னும் உள்ளே இருப்பதை மறைக்க வேண்டாம் என்றும் அழுதுகொண்டே சொன்னேன். அத்தை என் மொட்டையைத் தன் மொட்டையோடு வைத்து முட்டிக்கொண்டாள்.

"உனக்கு ஒண்ணுமே இல்லடி, பைத்தியம். உன்கிட்ட இருந்ததையெல்லாம் சாமி எடுத்துடுச்சு."

"எடுத்து எங்க வச்சுது?"

"எங்கனா வச்சிருக்கும். பத்திரமாத்தான் வச்சிருக்கும்."

அந்த பதில் எனக்குப் போதுமாக இருந்தது. அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். அத்தை ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்களுக்கெல்லாம் முடி முளைத்துவிட்டது. எனக்கு முள்ளம்பன்றி மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. அத்தைக்கு மட்டும் வரவில்லை. முக்காடு போட்டுக்கொண்டே பாலை ஊற்றினாள். எதிர் வீட்டு அம்மா கன்னடமும் தமிழுமாகத் திட்டிக்கொண்டே கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தார். அத்தை அதைத் தினமும் பக்தியோடு வாங்கி வைத்துக்கொண்டாள். மருந்தெல்லாம் முடிந்து மெல்ல மெல்ல முடி வந்தபோது லைனே வாயைப் பிளந்தது. சுருள் சுருளாக, கருகருவென்று வந்திருந்தது. எங்கள் வம்சத்தில் யாருக்குமே சுருட்டை கிடையாது. எதிர் வீட்டு அம்மா எல்லாம் தன் எண்ணெயின் மகிமை என்றார். மற்றவர்கள் சாமி என்றார்கள். அந்த மருந்து ஏற்றியவர்களுக்கு முடி இப்படிச் சுருண்டு முளைப்பதுண்டு என்று லைனில் யாருக்குத் தெரியும்?

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். காமாலை என்னுடையது, வேண்டுதல் என்னுடையது. சுருட்டை மட்டும் அத்தைக்கா?

வேண்டுதல் நல்லபடியாக முடிந்ததென்று பொங்கல் வைக்க அதே கோயிலுக்குப் போனோம். தீபாராதனை காட்டியபோது நான் கையைக் கூப்பி, சாமிக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று சத்தமாக வேண்டினேன்.

"சாமி, அத்தைக்கு வந்தாப்பல எனக்கும் சுருட்டை முடி வரணும்."

முதுகில் ஒரு அடி விழுந்தது. என்னை அதுவரை தொட்டு அடிக்காத அத்தை. அடித்த கையாலேயே என் வாயைப் பொத்தினாள்.

"சின்னப் பிள்ளை, முடிதான கேட்டுச்சு" என்றார் மாமா.

அத்தை காதில் வாங்கவே இல்லை. என்னைத் தன் முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு சாமியிடம் கெஞ்சினாள். "அவளுக்கு வேணாம் சாமி. தெரியாம கேட்டுடுச்சு. என்னோட போவட்டும். அவளுக்கு வேணாம்."

ஒரு சுருட்டை முடிக்கு இவ்வளவு கஞ்சத்தனமா என்று, ஓசூர் வந்து சேரும் வரைக்கும் நான் அவளோடு பேசவில்லை.